ரதியின் தாலியை யார் அறுப்பது?

"சரி, அது ஆடட்டும். தாலிய யாரு கட்டுறது? யாரு அறுக்கிறது? மொதல்ல அதச் சொல்லுங்க."

தேயிலைத் தோட்டத்துத் தலைவர் பெருமாள் இப்படிக் கேட்டபோது மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. பின்னேரம் நாலரை மணி இருக்கும். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேராக வந்திருந்த பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. தூறிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளிச் சட்டையும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாடை. எனக்கு முழங்கால் வலித்தது. கொட்டகலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்ற நினைப்பும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் நின்றவள் தர்ஷனி. பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதி வேசம் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் தோட்டத்தில் ரதி வேசத்தை ஆம்பிளைகள்தான் கட்டுவார்கள். எனக்குத் தெரிந்து ஒரு பெண்ணும் கட்டியதில்லை.

அவளுக்கு நான் மூன்று வருடம் தமிழ் படித்துக்கொடுத்தேன். அந்த உரிமையில் முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து, "மிஸ், நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து பக்கத்துல நின்னாப் போதும்" என்று அழைத்துவிட்டுப் போயிருந்தாள். நானும் அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். மறுக்க முடியவில்லை.

கூட்டத்தில் யாரோ ஒருவர் பின்னாலிருந்து சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "தாலியே கட்டாதவங்களக் கூட்டியாந்து தாலி அறுக்கிற நியாயம் கேக்குறாங்கப்பா."

சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கல்யாணம் ஆகாமல் அறுபது வயதைத் தொட்டவளுக்கு இதெல்லாம் புதிதில்லை.

இந்தப் பத்தியைப் படிக்கும் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். "ஏன் ஒவ்வொரு வாரமும் இவ்வளவு களைப்பாக எழுதுகிறீர்கள்?" என்று கேட்கிறார். ஐயா, களைப்பாக இருக்கிறது. அதனால்தான்.

மீசை மழித்த ரதி

காமன் கூத்து தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாசி பிறந்து அமாவாசை கழிந்ததும் காமன் பொட்டல் என்கிற வெட்டவெளியில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து லயமெல்லாம் கவிச்சி கிடையாது. தினமும் தப்பு மேளம் அடித்துக் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். கடைசி நாள் ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம். மதன் போய்ச் சிவனின் தவத்தைக் கலைப்பான். சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து அவனை எரிப்பார். ரதி அழுவாள். மூன்றாம் நாள் மதன் உயிரோடு எழும்பி வருவான்.

இதில் ஒரு சங்கதி உண்டு. கல்யாணம் நடப்பதால் ரதியின் கழுத்தில் நிஜமான மஞ்சள் கயிறு ஏறும். மதன் எரிந்ததும், வெள்ளைச் சேலை கட்டிய கிழவி வேசக்காரர் வந்து அந்தக் கயிற்றை அறுப்பார். அதற்குப் பிறகுதான் ரதியின் பெரிய ஒப்பாரி. அந்த ஒப்பாரிக்காகத்தான் அடுத்த தோட்டத்து ஆட்களெல்லாம் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். ஆண் கழுத்தில் ஏறுகிற தாலியை யார் கட்டினால் என்ன, யார் அறுத்தால் என்ன? யாரும் யோசித்ததே இல்லை.

பல வருடம் எங்கள் ரதி யோகநாதன்தான். தர்ஷனியின் அப்பா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கை, முறுக்கிவிட்ட மீசை, தாட்டியான ஆள். கம்பம் ஊன்றிய அன்று மீசையை மழித்துவிடுவார். மறுநாள் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது கங்காணி, "ரதியம்மா, இன்னைக்கு எந்த மலைக்குப் போறீங்க?" என்று இழுப்பார். யோகநாதன் முந்தானையை இழுத்துப் போடுகிற மாதிரி தோளைத் தொட்டுக்கொண்டு, "ஐயா எங்க அனுப்புறீங்களோ அங்கதாங்க" என்று நெளிவார். பெரட்டே சிரிக்கும்.

ரதிக்குக் கட்டுகிற சேலை அவர் சம்சாரம் புஷ்பத்தின் கல்யாணச் சேலை. அரக்கு நிறம். "என்னவிட அவருக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று புஷ்பம் குறைப்படுவாள். குறைப்படுகிற சாக்கில் பெருமைப்படுவாள். தானே கொசுவம் வைத்து, ஊசி குத்தி, பொட்டு வைத்து அனுப்புவாள். தாலி அறுக்கிற கட்டத்தில் ஊரே கண்ணைத் துடைக்கும்போது இவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டுக்கு வந்து அந்த ஆள் ரொட்டி கேட்பார் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

குளவி

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து சில மாதங்கள் இருக்கும். கவ்வாத்து மலையில் குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். யோகநாதன் விழுந்தவர் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரி, பிரேதப் பரிசோதனை, மூடிய பெட்டி, மழை. எல்லாம் ஒன்றரை நாளில் முடிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டாம், வீங்கியிருக்கிறது என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் திறக்கவே இல்லை. மூன்று கிழவிகள் புஷ்பத்தை உட்கார்த்தி வைத்துக் கழுத்தில் இருந்ததை எடுத்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் அழவில்லை. ஒரு சத்தமும் இல்லை. "அழுதுரு புள்ள, அழுதுரு" என்று எத்தனை பேர் சொன்னார்கள். சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது. வருடா வருடம் தன் கழுத்தில் தாலியைக் கட்டி அறுத்துக்கொண்டாரே, அதனால்தான் வீட்டில் அறுந்தது என்று. யார் கிளப்பிவிட்டார்கள் தெரியாது. நாசமாய்ப் போகிற வாய்கள். ஆனால் புஷ்பம் அதை நம்பினாள். நம்பினாள் என்று சொல்வதைவிட, அது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த இரண்டு மாசியிலும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றவில்லை. ஆடுகிற வயதுப் பையன்கள் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கிறார்கள். வருகிறேன் என்று போனில் சொல்வார்கள், லீவு கிடைக்காது. ரதி ஆட ஒருவரும் இல்லை.

வேனில் வந்தவர்கள்

இந்த இடத்தில் ஒரு கோபத்தைக் கொட்டிவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு வருடத்தில் எங்கள் பண்பாட்டைக் காப்பாற்ற நிறையப் பேர் வந்தார்கள். வேனில் வந்தார்கள். கமராவை முக்காலியில் நிறுத்தி, "உங்க பாரம்பரியம் அழியுதே, அதப்பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கொழுந்து பறிக்கிற பிள்ளைகளைக் கேட்டார்கள். ஒரு விடுதிக்காரர் காமன் கூத்தை இருபது நிமிசத்தில் ஆடிக்காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே ஆடவேண்டுமாம். மதனை எரிப்பதற்குப் பதிலாகச் சிவப்பு விளக்குப் போட்டால் போதுமாம்.

எல்லோரும் மறக்காமல் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்கள். அலுமாரியில் ஏழெட்டு இருக்கிறது. குளிருக்கும் ஆகவில்லை, திரைச்சீலைக்கும் ஆகவில்லை.

அவர்களைக் கிண்டல் செய்கிறேனே, அதே கத்தரிக்கோலை நான் கையில் எடுத்தது எப்படி என்று இனிச் சொல்கிறேன்.

என் யோசனை

கோயில் வாசலுக்கு வருவோம். தலைவரின் கேள்விக்குத் தர்ஷனி உடனே பதில் வைத்திருந்தாள்.

"தாலிய பிரியங்கா கட்டுவா. அவதான் மதன்."

பக்கத்தில் அவளுடைய கூட்டாளி பிரியங்கா பயந்து போய் நின்றாள். கூட்டம் சிரித்தது. ஆனால் தலைவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு பையன் வந்து குமரிப் பிள்ளையின் கழுத்தில் கயிறு போடுவதுதான் அவர் பயம். பெருமாள் பொல்லாதவர் இல்லை. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

"சரி, அது ஒரு மாதிரி சரி. அறுக்கிறது?"

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து புஷ்பம் பேசினாள். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தாள்.

"என்னமும் ஆடட்டும் தலைவரே. நான் தடுக்கல. ஆனா எம்புள்ள கழுத்துல கயிறு ஏறி, அது அறுபடுறத நான் பாக்க மாட்டேன். வேசம்னு சொல்லித்தான் அவரும் அறுத்துக்கிட்டாரு."

"அம்மா, அப்பாவக் கொட்டுனது குளவி. காமன் இல்ல" என்றாள் தர்ஷனி.

"வாய மூடுடி."

தூறல் கனத்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சும்மா நின்றால் போதும் என்றுதானே கூட்டி வந்தாள்? நின்றிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா?

"இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றேன். "தாலிய அறுக்கவே வேணாம். அந்தக் கட்டத்த விட்டுருங்க. மதன் எரிஞ்சதும் மங்களம் பாடி முடிச்சிருங்க. காலத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் மாத்திக்கிறதுல தப்பில்ல."

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். புஷ்பம் தலையை ஆட்டினாள். படித்தவங்க படித்தவங்கதான் என்று ஒரு கங்காணி சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பஸ்ஸையும் பிடித்துவிட்டேன்.

தர்ஷனி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"மிஸ், நீங்க யாருக்கு சப்போட்டா வந்தீங்க?"

"உனக்குத்தான்டி. ஆட விட்டாங்கல்ல?"

"என்னத்த ஆட விட்டாங்க? தாலி அறுக்காம ரதி எதுக்கு அழுவா? அந்த ஒப்பாரி இல்லைன்னா அது என்ன கூத்து மிஸ்? கல்யாணமும் வாணவேடிக்கையும்."

"அம்மாவ நெனச்சுப் பாத்தியா?"

"அம்மாவ நெனச்சுத்தான் மிஸ் ஆடவே கேட்டேன்" என்றாள். அவள் உதடு கோணியது. "செத்த வீட்டுலயும் அழல, இன்னிவரைக்கும் அழல. ராத்திரி பல்லக் கடிக்கிற சத்தம் கேக்குது. நான் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத்தான் தெரியும்."

"ஆனாலும் கூட்டத்துல நீ சரின்னு ஒத்துக்கிட்டியே" என்றேன்.

"நான் எங்க சரின்னேன்? நான் சும்மாதானே நின்னேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பிள்ளைக்காம்பராவில் ஒரு குரல்

பின்னேரங்களில் தர்ஷனியும் பிரியங்காவும் பிள்ளைக்காம்பராவில் ஆடிப் பழகினார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. நாலு மணிக்குப் பிறகு காலியாகிவிடும். பால்மா வாசமும் மூத்திர வாசமும் போகாத அறை. நானும் பஸ் ஏறி வந்துவிடுவேன். நான் செய்த வேலைக்குப் பரிகாரம் மாதிரி, மூலையில் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

தர்ஷனிக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளிடம் ஒரு பழைய போன் இருந்தது, கண்ணாடி வெடித்தது. அதில் அப்பாவின் கூத்தைக் குரலாகப் பதிந்து வைத்திருந்தாள். யாரோ இருமுகிற சத்தம், தப்புச் சத்தம், நாய் குரைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே யோகநாதனின் குரல். அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் பாடுவாள். பிரியங்கா அட்டையில் செய்த வில்லோடு சுற்றிச் சுற்றி ஆடுவாள். பாவம், வலது கால் இடது கால் தெரியாத பிள்ளை. ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

ஒரு நாள் போன் பாடிக்கொண்டிருந்தது.

"பொன்னான மேனியெல்லாம்
புகையாகிப் போயிருச்சே
கண்ணான மன்னவனே
கரியாகிக் கெடக்குறியே."

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் புஷ்பம். கொழுந்துச் சாக்கு முதுகில், கால் முழுக்கச் சேறு. அட்டை கடித்த இடத்திலிருந்து கணுக்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் விறைத்துப் போனார்கள். போனை நிறுத்தத் தர்ஷனிக்குக் கை வரவில்லை. அந்த ஒப்பாரி முழுவதும் ஓடி முடிந்தது. கடைசியில் கூத்து நின்ற பிறகு பதிவான சத்தம் கொஞ்சம் இருந்தது. யோகநாதன் தன் சொந்தக் குரலில், மூச்சு வாங்க, "புஷ்பம், தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்கிறார். அதோடு பதிவு முடிந்தது.

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். போனைப் பிடுங்கி எறிவாள் என்று நினைத்தேன்.

"அதுல இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதாம்மா."

"ம்" என்றாள். சாக்கை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்துவிட்டாள். அன்று இரவு போனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாளாம். காலையில் சார்ஜ் முழுவதும் இறங்கியிருந்தது என்று தர்ஷனி சொன்னாள்.

மஞ்சள் கயிறு

கல்யாணத்துக்குக் கயிறு வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொட்டகலைக் கடைவீதியில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். நூல், ஊசி, மணி, கண்ணாடி வளையல், சாம்பிராணி எல்லாம் அவரிடம் இருக்கும்.

"தாலிக் கயிறு இருக்கா நானா?"

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஸ்... யாருக்கு?"

"எனக்குத்தான். ஏன், குடுக்க மாட்டீங்களா?"

மனுசன் ஒரு நிமிசம் தடுமாறிப் போனார். ரதிக்கு என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த வருசம் காமன் இருக்கா? நல்ல விசயம் மிஸ். எங்க வாப்பா காலத்துல கடையச் சாத்திட்டுப் பாக்க வருவோம்" என்றார். நல்ல மஞ்சளாக, முறுக்கு இறுக்கமாக ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாலிக் கயிறு வாங்கி பேக்கில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் அது அங்கே இருக்கிறதா என்று இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

விடிகிற நேரம்

கூத்தின் முக்கால்வாசியை நான் சொல்லப் போவதில்லை. பிரியங்கா இரண்டு இடத்தில் அடி தப்பினாள், ஒருவரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள். அரக்குச் சேலையில் தர்ஷனி வந்து நின்றதும் பொம்பளைகள் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. சேலை கட்டிவிட்டது புஷ்பம்தான். கட்டிவிட்டு, கூட்டத்தின் கடைசியில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கிழக்கே மலை விளிம்பு வெளுக்கிற நேரத்தில் மதனை எரித்தார்கள். வைக்கோல் பொம்மைதான். பேசி வைத்தபடி தலைவர் கையைத் தூக்கினார். தப்பு நின்றது. மங்களம் பாடப் பூசாரி தொண்டையைச் செருமினார்.

ரதி எழும்பவில்லை.

சாம்பலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். தப்பு இல்லை, தாளம் இல்லை. வெறும் குரல்.

"தர்ஷனி, போதும். எந்திரி" என்றார் தலைவர்.

அவள் பாடினாள். முதல் அடி முடிந்தது. கிழவி வேசக்காரர் வந்து கயிற்றை அறுக்க வேண்டிய இடம். அந்த வேசத்தைத்தான் என் பேச்சைக் கேட்டு நீக்கிவிட்டார்களே, யார் வருவது? அவள் நிறுத்தி, காத்திருந்தாள். பிறகு மறுபடி முதல் அடியையே பாடினாள். மறுபடி காத்திருந்தாள். மூன்றாம் தடவை குரல் உடைந்தது. ரதி தானே அறுத்துக்கொள்ள முடியாது, யாராவது வரவேண்டும். நான் போயிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், எழும்பப் பார்த்தேன். கல்யாணம் ஆகாதவள் அதைத் தொடலாமா கூடாதா என்று அந்த நேரத்தில் போய் யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் விலகியது. புஷ்பம் வந்தாள்.

பிள்ளையைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தோம். தலைவர் குறுக்கே ஓடினார். அவள் அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மகளுக்கு நேரே சாம்பலில் உட்கார்ந்தாள். அந்த அரக்குச் சேலையின் மடிப்பை ஒரு தடவை சரி பண்ணினாள். பிறகு வாயைத் திறந்தாள். வந்தது ரதியின் பாட்டு இல்லை.

"மலைக்குப் போன மன்னவனே – நீ
மத்தியானம் வரலையே
ஊத்தி வச்ச தேத்தண்ணி – இங்க
ஆறிப் போயிக் கெடக்குதே
மூடி வச்ச பெட்டிக்குள்ள – உன்
மொகம் பாக்க விடலையே
மூணு பேரு கூடி வந்து – என்
முடிச்ச மட்டும் அறுத்தாங்களே."

ரதிதேவி தேத்தண்ணி ஊற்றி வைத்தாளா என்று யாரும் கேட்கவில்லை. பாடிக்கொண்டே மகளின் கழுத்துப் பின்னால் கையைக் கொண்டுபோய், முடிச்சை நகத்தால் நெம்பி, ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அறுக்கவில்லை, அவிழ்த்தாள். கயிறு கைக்கு வந்ததும் மண்ணில் கையை அடித்து, "யோகு, யோகு" என்று பேரைச் சொல்லி அலறினாள். தர்ஷனி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் எது கூத்து எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. தப்புக்காரர்கள் தப்பைக் கீழே வைத்துவிட்டார்கள். பெருமாள் தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

அன்று பெரட்டுக்கு ஆள் குறைவு. புஷ்பமும் போகவில்லை. மத்தியானம் வரை தூங்கினாள் என்று தர்ஷனி சொன்னாள்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் பின்னேரம் மதனை எழுப்புகிற சடங்கு. பெரிய கூட்டம் இல்லை. வந்தவர்களுக்குச் சுண்டலும் தேங்காய்ச் சில்லும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் களைப்பு. பூசாரி கம்பத்துக்குத் தண்ணீர் தெளித்து, பிரியங்காவை முன்னால் நிறுத்தினார். எழும்பி வந்த மதன் ரதிக்கு மறுபடி தாலி கட்டவேண்டும்.

"கயிறு எங்கே?" என்றார் பூசாரி.

கயிறு புஷ்பத்தின் முந்தானை முடிச்சில் இருந்தது. அவள் அவிழ்க்கவில்லை. முடிச்சின் மேலே கையை வைத்துக்கொண்டு நின்றாள். சண்டை போடுகிற முகம் இல்லை. விட மனசில்லை, அவ்வளவுதான். பூசாரி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

தர்ஷனி பிரியங்காவின் முன்னாலிருந்து நகர்ந்து, அம்மாவின் முன்னால் போய் நின்று தலையைக் குனிந்தாள்.

"நீயே கட்டும்மா."

"என்னடி பேசுற? நான் கட்டலாமா?" என்றாள் புஷ்பம். பதறிப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். புருசன் இல்லாதவள் தாலியைத் தொடக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பூசாரி வாயைத் திறந்தார். தலைவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அவுத்த கைதானே, கட்டும்மா" என்றாள் மகள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

புஷ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கயிறு புது மஞ்சள் பூசி, காய்ந்து விறைப்பாக இருந்தது. எப்போது பூசினாளோ. மூன்று முடிச்சையும் போட்டாள். நேரம் எடுத்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. போட்டு முடித்து, மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள்.

"ஒங்காளு மூணே நாள்ல வந்துட்டாரு, பாத்தியா" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். "எங்காளுதான் இன்னும் வரக் காணோம்."